இன்னொரு டிரம் வைத்தால் குழாயில் தண்ணீர் கூடுமா?

தாராவிவாசிகளுக்குத் தண்ணீர்க் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாநகராட்சிக் குழாயில் நாளுக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் டிரம்மை நிரப்பிவிட வேண்டும். இன்னொரு டிரம் வாங்கி வைத்தால் சேமிக்க இடம் கிடைக்குமே தவிர, குழாயில் வருகிற தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இந்தப் பாலபாடத்தைக் காரில் ஏறியதும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் மும்பைச் சாலைகளிலிருந்து 2023 அக்டோபரில் விடைபெற்றன. அந்த வண்டிகளில் பாட்டுக் கேட்க ஒரு காசெட் பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் போதும். ஒற்றை பேட்டரி அதைத் தாங்கியது. இன்று சிறிய காரின் டிக்கியிலும் பெரிய ஊஃபரும் 1000 வாட் ஆம்ப்ளிஃபையரும் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு அதிர்வுக்கும் முகப்பு விளக்கு மங்கி எரிகிறது. கிடைக்கிற யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னொரு பேட்டரி போட்டுவிடலாம்."

போடலாம். ஆனால் எதற்காக என்று தெரிந்து போட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தருவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். அதுதான் குழாய்; பேட்டரி வெறும் டிரம். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் தருகிறது. முழுதாக நிரம்பிய பேட்டரியில் இருப்பதோ சுமார் 12.6 வோல்ட். ஆகவே தேவை எகிறி, வோல்டேஜ் அந்த அளவுக்கு இறங்கினால்தான் பேட்டரி கைகொடுக்க வருகிறது. அப்படி இறங்குவதைத்தான் விளக்கு மங்கலாகிக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது பேட்டரியால் இது ஓரளவு குறையலாம், ஒழியாது.

கணக்கு இதுதான். 1000 வாட் முழு வீச்சில் வெளிவர வேண்டுமானால் 12.5 வோல்ட்டில் 80 ஆம்பியர் தேவை. ஆம்ப்ளிஃபையர் சூடாக வீணடிப்பதையும் சேர்த்தால் 100 முதல் 130 ஆம்பியர் வரை போகும். பாட்டு எப்போதும் முழு வீச்சில் இருப்பதில்லை என்பதால் சராசரி இதில் ஒரு பங்குதான். ஆனால் சயான் சிக்னலில் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டரும் தன் முழுத் திறனைத் தராது. ஏ.சி., வைப்பர், விளக்கு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இரண்டாவது பேட்டரியின் உண்மையான பயன், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கும்போதுதான் தெரியும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் பாதி காலி. அதற்கு மேல் கேட்டால் வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும். பாட்டுக்குத் தனி பேட்டரி இருந்தால் ஸ்டார்ட் செய்கிற பேட்டரி பத்திரமாக இருக்கும்.

இணைப்பதிலும் டிரம் கணக்கு உதவும். நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று பக்க இணைப்பாகத் தந்தால் வோல்டேஜ் 12 ஆகவே இருக்கும்; கொள்ளளவு இரட்டிப்பாகும். ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு தொடராக இணைத்தால் டிரம்மின் மேல் டிரம்மை ஏற்றிய கதை. 24 வோல்ட் பாய்ந்து மொத்த சாதனங்களும் கருகும். பக்க இணைப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அடியில் குழாய் போட்டு இணைத்த இரண்டு டிரம்களில் ஒன்று ஓட்டை என்றால் நல்ல டிரம்மும் சேர்ந்து காலியாகும். பழைய பேட்டரியோடு புதியதைக் கட்டினால் நடப்பது அதுதான். இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதாக இருப்பது நல்லது. லித்தியம் பேட்டரியை ஈய-அமில பேட்டரியோடு நேரடியாகக் கட்டவே கூடாது.

நடுவில் ஐசொலேட்டர் என்ற கருவியும் வேண்டும். எஞ்சின் ஓடும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்கிற வால்வு அது. புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. அங்கே சாதாரண ஐசொலேட்டர் குழம்பிப்போகும். தனி சார்ஜர் கருவி தேவைப்படும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் கம்பி தேய்ந்து எங்காவது தகரத்தில் பட்டால் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், கம்பியே அடுப்பாகிவிடும். அதனால் இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனி ஃபியூஸ், நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நடுவில் ஓடும் கம்பிக்கு இரண்டு பக்கமும் மின்சாரம் இருப்பதால் ஒரு ஃபியூஸ் போதாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபையரை அல்ல, கம்பியை. அதன் மூலம் உள்ளே இருப்பவர்களை. 100 ஆம்பியரை நாலைந்து மீட்டர் கொண்டுபோக 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, ஆனால் அதே தடிமனில் அவ்வளவு தாங்காது.

மும்பைக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இங்கே ஏராளமான கார்கள் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன, சிலிண்டர் இருப்பது டிக்கியில். அதன் பக்கத்திலேயே பேட்டரியையும் பொறி தட்டக்கூடிய ரிலேயையும் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஆட்கள் உட்காரும் பகுதியோடு சேர்ந்த இடமென்றால் மூடி முத்திரையிட்ட ஏ.ஜி.எம். வகைதான் ஏற்றது, அதையும் திடீர் பிரேக்கில் நகராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள டிக்கியில் இந்த வேலையே வேண்டாம்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காது அதைச் சற்றே உணரும். ஒலி இருமடங்காகக் கேட்க வாட் பத்து மடங்காக வேண்டும். 100 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்குத் தாவியவர் தனக்கு வாங்கிக்கொண்டது சுமார் இரண்டு மடங்கு சத்தம், பேட்டரிக்கு வாங்கிக்கொடுத்தது பத்து மடங்கு சுமை.

அந்தச் சத்தம் காருக்குள்ளேயே நிற்பதும் இல்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கதவுக்கும் தெருவுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத வீடுகளில் ஊஃபரின் அதிர்வு நேராகத் தொட்டிலுக்கே வந்துவிடும். சயான் மருத்துவமனையைத் தாண்டிப் போகிற காரில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்பது உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குத் தெரியாது. அதிர்வு மட்டும் தெரியும்.

விளக்கு மங்கினால் முதலில் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை: இருக்கிற பேட்டரியைச் சோதிப்பது, துருப்பிடித்த முனைகளைச் சுத்தம் செய்வது, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து பாடிக்கும் போகும் கம்பிகளைத் தடிமனாக்குவது. பிறகும் போதவில்லை என்றால் பெரிய ஆல்டர்னேட்டர். இரண்டாவது பேட்டரி கடைசியில்தான். அதையும் நிரப்பிவைக்க ஓட்டம் வேண்டும். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு அரை மணி நேரம் ஊர்ந்து போவதில் பாதி காலியான பேட்டரி நிரம்பாது. அரைகுறையாகவே கிடக்கும் ஈய-அமில பேட்டரி சீக்கிரமே செத்துப்போகும்.

செத்ததைக் காயலான் கடையில் போடாமல், புதியதை விற்றவரிடமே திருப்பித் தருவது நல்லது. உள்ளே இருப்பது ஈயம். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் முதலில் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்துகின்றன.

டிரம் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குமுன் குழாயைத் திறந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.