ஜாங் தொப்பி... லீ தலையில்!



இந்த வாரம் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்கோட ஆரம்பிக்கலாமா?

காலேஜ் கடைசி வருஷத்துல ஒரு என்ட்ரன்ஸ் எக்ஸாம் எழுதினேன். இங்கிலீஷ் பேப்பர்ல காம்ப்ரிஹென்ஷன் பகுதி. பார்த்தா, டீத்தூள் எப்படித் தயாராகுதுன்னு ஒரு கட்டுரை. எனக்கு ஒரே குஷி! எங்க தாத்தா டீக்கடை வெச்சிருந்தவர். 'நம்மகிட்டயே டீயைப் பத்திக் கேள்வியா?'ன்னு, கட்டுரையைப் படிச்சும் படிக்காமலும் விறுவிறுன்னு டிக் அடிச்சுட்டு வந்துட்டேன். வெளியே வந்து ஃப்ரெண்டோட சரிபார்த்தா, அஞ்சு கேள்வியில நாலு அவுட்! கட்டுரையில இருந்தது அவங்க சொன்ன டீ. நான் எழுதிட்டு வந்தது எங்க தாத்தா கடை டீ!

தெரியாததால தப்பு பண்றது ஒரு வகை. தெரியும்ங்கிற நினைப்புல தப்பு பண்றது இன்னொரு வகை. ரெண்டாவது வகைதான் ரொம்ப டேஞ்சர். இந்த வியாதிக்கு வருஷக்கணக்குல மருந்து சாப்பிடுற ஒரு கூட்டம் இருக்கு. சீனாவோட மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்!

காக்கா இல்லீங்க... காவ்காவ்!

சீனாவுல பள்ளிப் படிப்பை முடிச்சுட்டு கல்லூரிக்குப் போக எழுதற தேர்வுக்குப் பேரு 'காவ்காவ்'. பேரைக் கேட்டா சிரிப்பு வரும். எழுதறவங்களுக்கு அழுகைதான் வரும். கலாசாரப் புரட்சி காலத்துல, 1966-ல் நின்னுபோன இந்தத் தேர்வு, 1977-ல் திரும்ப வந்தது. 2024-ல் இதுக்குப் பதிவு செஞ்சவங்க 1 கோடியே 34 லட்சம் பேர்! வழக்கமா ஜூன் 7-ம் தேதி ஆரம்பம். அந்த நாட்கள்ல தேர்வு மையத்துப் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை சத்தம் கேட்கக் கூடாதுன்னு பல ஊர்கள்ல கெடுபிடி இருக்கும்.

மொத்தம் 750 மார்க். அதுல இங்கிலீஷுக்கு 150. அதாவது, தாய்மொழியான சீனத்துக்கும் கணக்குக்கும் எவ்வளவோ, அவ்வளவு! (இங்கிலீஷ் வேண்டாம்னா ரஷ்யன், ஜப்பானிய மொழி, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ்ல ஒண்ணை எடுக்கலாம். ஆனா, பெரும்பாலானவங்க எடுக்கறது இங்கிலீஷ்தான்.) 2013-ல், பெய்ஜிங்கில் இந்த 150-ஐ 100 ஆகக் குறைக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. நாடு முழுக்கப் பெரிய விவாதம். கடைசியில 150 அப்படியே நின்னுடுச்சு.

இந்த மார்க்குல ஒரு வாழ்க்கையே தொங்கும். யூ மின்ஹோங்னு ஒருத்தர், ஜியாங்சு மாகாணத்துக் கிராமத்துப் பையன். ரெண்டு தடவை காவ்காவ்ல கோட்டை விட்டார். மூணாவது தடவை, 1980-ல், பெய்ஜிங் பல்கலைக்கழகத்துல, அதுவும் இங்கிலீஷ் படிக்கவே இடம் கிடைச்சது. 1993-ல் அவர் தொடங்கின 'நியூ ஓரியன்டல்' சீனாவோட பெரிய இங்கிலீஷ் கோச்சிங் நிறுவனமாச்சு. மூணாவது தடவையும் கோட்டை விட்டிருந்தா? கிராமத்தோட சரி. அதனாலதான் அங்கே ஒரு கேள்விக்கான ரெண்டரை மார்க்கைக்கூட யாரும் லேசா எடுத்துக்கறது இல்லை.

20 கேள்வி, 50 மார்க்

இப்போ பெரும்பாலான மாகாணங்கள்ல புழங்கற புதிய வினாத்தாள்ல, வாசிச்சுப் புரிஞ்சுக்கற பகுதிக்கு மட்டும் 50 மார்க். மொத்தத்துல மூணுல ஒரு பங்கு! முதல்ல நாலு கட்டுரை, 15 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 2.5 மார்க். முதல் கட்டுரை பெரும்பாலும் விளம்பரம், அறிவிப்பு மாதிரி ஈஸியா இருக்கும். போகப் போக அறிவியல், சமூகம்னு கழுத்தைப் பிடிக்கும்.

அதுக்கு அடுத்தது 'ஏழில் ஐந்து'. ஒரு கட்டுரையில அஞ்சு வாக்கியத்தைப் பிடுங்கிட்டு, கீழே ஏழு வாக்கியம் கொடுத்திருப்பாங்க. எது எங்கே உட்காரும்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு வாக்கியம் சும்மா வந்த விருந்தாளி! முன் வரி என்ன சொல்லுது, பின் வரி எங்கே போகுதுன்னு பார்க்கத் தெரியலைன்னா அந்த விருந்தாளிக்குத்தான் இலை போடுவோம்.

இதுக்கெல்லாம் எப்படித் தயாராகறாங்க? காலையில 'ட்சாவ்து'. முதல் பீரியடுக்கு முன்னாடி, வகுப்பே சத்தம் போட்டு வாசிக்கும். ராத்திரி வகுப்பறையிலேயே உட்கார்ந்து சுயபடிப்பு. மேஜை மேல 'ஐந்து வருஷ காவ்காவ், மூன்று வருஷ மாதிரித் தேர்வு'ங்கிற பயிற்சிப் புத்தகம். அதுக்குப் பசங்க வெச்ச செல்லப் பேரு 'ஐந்து-மூன்று'. தலையணை மாதிரி கனமா இருக்கும்.

அப்புறம், 3,500 வார்த்தைப் பட்டியல். அகர வரிசையில ஆரம்பத்துலயே நிக்கற வார்த்தை 'அபாண்டன்'. அர்த்தம், 'கைவிடு'! பட்டியலைத் திறந்ததும், 'சரி, வார்த்தையே சொல்லிடுச்சு'ன்னு மூடி வெச்சுடறதா சீன மாணவர்கள் நடுவுல ஒரு பழைய ஜோக்.

இன்னொரு ஜோக்கும் உண்டு. விடை தெரியலையா? மூணு விடை நீளமா, ஒண்ணு குட்டையா இருந்தா குட்டையை எடு. மூணு குட்டை, ஒண்ணு நீளம்னா நீளத்தை எடு. நம்ம ஊரு 'இங்கி பிங்கி பாங்கி'க்கு ஒண்ணுவிட்ட தம்பி போல!

நாலு பொறி

ஜோக் போதும். மேட்டருக்கு வருவோம். தப்பான விடையை எப்படித் தயாரிக்கறாங்கன்னு சீன ஆசிரியர்கள் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் பழைய சீனச் சொல்வழக்குலயே பேரு வெச்சுப் பாடம் எடுக்கறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஒண்ணு: 'ஜாங்கின் தொப்பியை லீ தலையில் வைப்பது'. ஜாங், லீ ரெண்டுமே அங்கே சர்வசாதாரணமான குடும்பப் பேரு. கட்டுரையில ஒருத்தர் செஞ்சதை, விடையில இன்னொருத்தர் செஞ்சதா மாத்திடுவாங்க. வார்த்தையெல்லாம் சரியா இருக்கும். ஆள்தான் மாறியிருக்கும்.

ரெண்டு: 'இல்லாததிலிருந்து உண்டாக்குவது'. கேட்க நியாயமா இருக்கும். ஆனா, கட்டுரையில ஒரு வரிகூட இருக்காது. எங்க தாத்தா டீ இந்த வகைதான்!

மூணு: 'பகுதியை முழுசாக்குவது'. 'சிலர்'னு கட்டுரை சொல்லும். 'எல்லோரும்'னு விடை சொல்லும். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'னு நம்ம பாட்டி சொல்றது சோத்துக்கு ஓகே. காம்ப்ரிஹென்ஷனுக்கு ஆகாது.

நாலு: 'கருத்தைத் திருட்டுத்தனமா மாத்துவது'. 'செய்யக்கூடும்' இருந்த இடத்துல 'செய்தார்' வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு சொல். கண்ணிமைக்கற நேரத்துல பாக்கெட் அடிச்சுட்டுப் போற மாதிரி.

சரி, ஒரு குட்டி டெஸ்ட். நானே கட்டினதுதான். படிங்க.

'லின் ஒரு மலைப்பகுதித் தபால்காரர். தான் போகும் கிராமத்தில் பிள்ளைகளுக்குப் படிக்க எதுவும் இல்லை என்பதைக் கவனித்தார். நகரத்தில் பழைய புத்தகங்கள் வாங்கி, வாரம் ஒரு முறை தபால் பையிலேயே கொண்டு போனார். முதல் வருடம் சில பிள்ளைகள் மட்டுமே வந்து வாங்கினார்கள். இப்போது அந்தக் கிராமத்தில் வாழும் அவர் தங்கை, வீட்டுத் திண்ணையில் அலமாரி வைத்து அவற்றை இரவல் தருகிறாள்.'

இதுல எது சரி?

அ) லின் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து புத்தகங்களை இரவல் தருகிறார்.
ஆ) கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே வந்தார்கள்.
இ) லின்னின் சேவையைக் கிராமத்தார் பாராட்டினார்கள்.
ஈ) லின் தன் வேலையின் போக்கிலேயே பிள்ளைகளின் வாசிப்புக்கு வழி செய்தார்.

பலர் 'இ' பக்கம் சாய்வீங்க. நல்லது செஞ்சா பாராட்டத்தானே செய்வாங்க? செய்வாங்க. ஆனா, கட்டுரை அதைச் சொல்லலை. அது ரெண்டாவது பொறி. 'அ'வுல தங்கையோட தொப்பி அண்ணன் தலையில. 'ஆ'வுல சிலர் எல்லோராயிட்டாங்க. விடை, 'ஈ'. கவனிச்சீங்களா? 'ஈ'யில தபால் பையும் இல்லை, புத்தகமும் இல்லை. 'அ'வுலதான் திண்ணை, புத்தகம், இரவல்னு கட்டுரையோட வார்த்தைகள் குவிஞ்சு கிடக்கு. சரியான விடை பல சமயம் வேற சட்டை போட்டுட்டு வரும். தப்பான விடைதான் கட்டுரையோட சட்டையையே இரவல் வாங்கிட்டு வரும்!

அதனாலதான் அங்கே சொல்லித் தர்ற முதல் பழக்கம் ரொம்ப சிம்பிள். கேள்வியில இருக்கற முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போடு. கட்டுரைக்குத் திரும்பிப் போய், அது இருக்கற வரியைக் கண்டுபிடி. விரலை வெச்சுக் காட்ட முடியற விடைதான் விடை. தெரியாத வார்த்தை வந்தாலும் அதே ரூல்தான். அக்கம்பக்கத்து வரியைக் கேட்டாலே பாதி வார்த்தைகள் தன் அர்த்தத்தைச் சொல்லிடும்.

ஊமை இங்கிலீஷ்

'சூப்பர், நாளைக்கே ஐந்து-மூன்று வாங்கறேன்'னு கிளம்பிடாதீங்க. காசுக்கு ரெண்டு பக்கம் உண்டு.

சீனர்களே தங்களைக் கிண்டல் பண்ணிக்க ஒரு சொல் வெச்சிருக்காங்க. 'யாபா யிங்யூ'. அர்த்தம், 'ஊமை இங்கிலீஷ்'. நூத்துக்கணக்கான கட்டுரைகளுக்கு விடை எழுதியிருப்பாங்க. ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டா வாய் திறக்காது. கட்டுரையைக் கேள்வியோட கண்ணால மட்டுமே பார்த்துப் பழகினா, விடை கிடைச்ச நொடியே கட்டுரை செத்துடும். அந்தத் தபால்காரருக்கு மழைக்காலத்துல என்ன ஆச்சு, தங்கச்சி எந்தப் புத்தகத்தை முதல்ல படிச்சா... யாருக்கும் கேட்கத் தோணாது. கேட்டா மார்க் கிடையாதே!

இதைத் தேர்வு நடத்தறவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. குவாங்டோங் மாதிரி சில இடங்கள்ல இப்போ கம்ப்யூட்டர்ல பேசிக் காட்டற தேர்வும் உண்டு. அதைவிட அழகான ஒரு மாற்றம், 2016-ல் ஜெஜியாங் மாகாணத்துல வந்தது. இப்போ பல மாகாணங்களுக்குப் பரவிடுச்சு. ஒரு கதையைப் பாதியில நிறுத்திடுவாங்க. அடுத்த ரெண்டு பத்திக்கான முதல் வரியை மட்டும் கொடுப்பாங்க. மிச்சத்தை நீங்க எழுதணும். 25 மார்க்! கதையை நிஜமாவே படிச்சு, அந்த ஆள் யாரு, எப்படிப் பேசுவான், எதுக்குப் பயப்படுவான்னு மனசுல வாங்கியிருந்தாதான் எழுத முடியும். நாலு பொறியையும் தாண்டி வந்தவங்களுக்கு வைக்கிற அஞ்சாவது சோதனை இது. இதுல விரல் வெச்சுக் காட்ட எந்த வரியும் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா, இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லை ஃப்ரெண்ட்ஸ். அடுத்தவங்க சொன்னதை, நம்ம தாத்தா டீயைக் கலக்காம, அப்படியே காதுல வாங்கணும். அதுக்கப்புறம்தான் நம்ம வரியை எழுதணும். வரிசை மாறக் கூடாது. எக்ஸாம் ஹால்ல மட்டுமா இது? 'அவன் என்னைத் திட்டினான்'னு ஃப்ரெண்டோட ஒரு வாரம் பேசாம இருக்கீங்களே... அவன் அனுப்பின மெசேஜைத் திரும்ப எடுத்துப் படிங்க. திட்டினது எந்த வரியில இருக்கு? விரலை வைங்க பார்க்கலாம்!

இந்த வார ஹோம்வொர்க்: இன்னிக்குப் பேப்பர்ல ஒரு இங்கிலீஷ் செய்தியை எடுங்க. ஒரு சரியான விடை, மூணு பொறி விடைகளோட நீங்களே ஒரு கேள்வி தயார் பண்ணி, பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டுக்குக் கொடுங்க. பொறி வைக்கக் கத்துக்கிட்டவன் பொறியில விழ மாட்டான். ரெண்டாவது வேலை: அதே செய்தி முடியற இடத்துலேர்ந்து, அடுத்து என்ன நடந்திருக்கும்னு இங்கிலீஷ்ல நாலே நாலு வரி எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை, உங்க வரியா இருக்கட்டும்.

அடுத்த வாரம் பார்ப்போமா? அதுவரைக்கும், தொப்பி பத்திரம்!