ஈயத்துக்கு என்ன கற்பு?

பத்துத் தலை ராவணனை நமக்குத் தெரியும். நான்கு கழுத்து கிடாரைத் தெரியுமா?

அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1953-ல் ‘ஸ்ட்ரிங்மாஸ்டர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு கழுத்து, மூன்று கழுத்து, நான்கு கழுத்து எனத் தினுசு தினுசாக. கழுத்துக்கு 8 தந்தி. நான்கு கழுத்து என்றால் 32 தந்தி! இது மார்போடு அணைத்து வாசிக்கிற கிடார் இல்லை. கால் மாட்டி மேஜை மாதிரி நிறுத்திவிட்டு, இடது கையில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்துத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் கோட்டுவாத்தியத்தைப் பார்த்திருப்பீர்கள். மெட்டு கிடையாது, கட்டையை இழுத்து வாசிப்பார்கள். கிட்டத்தட்ட அதே சங்கதிதான். ஹவாய்த் தீவில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், கரண்ட் கனெக்‌ஷன் வாங்கிக்கொண்ட ரகம் இது. ஸாண்டோ ஃபரீனா ஸ்டீல் கிடாரில் இழைத்த ‘ஸ்லீப் வாக்’ 1959-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரு முறை கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எதற்கு இத்தனை கழுத்து? கட்டை நேரானது. விரல் மாதிரி வளையாது. தந்திகளை எப்படிச் சுருதி கூட்டி வைத்திருக்கிறோமோ, அதற்குள் அடங்குகிற ஸ்வரக் கூட்டணிதான் கிடைக்கும். வேறு கூட்டணி வேண்டுமென்றால் வேறு சுருதி வேண்டும். பாட்டுக்கு நடுவே 8 தந்தியையும் முறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் கழுத்துக்கு ஒரு சுருதி. கை பக்கத்துக் கழுத்துக்குத் தாவும்போது, எந்தக் கழுத்தின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு சுவிட்ச்.

இந்த சுவிட்ச்சில்தான் வம்பே!

ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு பிக்அப். பிக்அப் என்றால் காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். ஒன்று பிரிட்ஜ் பக்கம் இருக்கும், கணீரென்று பேசும். இன்னொன்று கொஞ்சம் தள்ளி இருக்கும், குழைவாகப் பேசும். பிரிட்ஜ் பிக்அப் எப்போதும் ஆன். மற்றதை வேண்டிய அளவு கலந்துகொள்ளக் கழுத்துக்கு ஒரு சின்னச் சக்கரம். இரண்டையும் எதிரெதிராக அமைத்திருப்பதால், சுற்றியிருக்கும் கரண்ட் லைன்களிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாட்டு மட்டும் மிஞ்சும். கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் குழைவாகப் பேசும் பிக்அப்பை மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமா? வழியில்லை. அல்லது எழுபது வருடப் பழைய சுவிட்ச், தொட்டாலே கரகரவென்று இருமுகிறதா? அவஸ்தைதான். மேடையில் வாசிக்கிற மனிதர் என்ன செய்வார்? பின்பக்கத்தைத் திறப்பார். ரெண்டு வயரை மாற்றுவார். புது சுவிட்ச் போடுவார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொள்கிறார்கள் அவரை! ‘ஐயையோ, ஒரிஜினாலிட்டி போச்சே!’

பழைய இசைக்கருவிச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாங்க வருகிறவர் வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, பற்றவைத்த ஈயப் பொட்டு கம்பெனியில் வைத்ததுதானா என்று பார்ப்பார். யாராவது பின்னால் ஒரு முறை சால்டரிங் செய்திருந்தால் விலை இறங்கும். துணி சுற்றிய பழைய வயருக்குப் பதில் பிளாஸ்டிக் வயர் தெரிந்தால் இன்னும் இறங்கும். ஈயத்துக்குக்கூடக் கற்புப் பரிசோதனை செய்கிற ஒரே சந்தை இதுவாகத்தான் இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். விலை என்பது ஒருவன் தரத் தயாராக இருக்கிற பணம், பயன் என்பது பொருள் நமக்குத் தருகிற வேலை, இரண்டும் ஒன்றல்ல என்று முதல் வருடமே சொல்லித் தந்துவிட்டார்கள். வாசிக்காமலே பெட்டியில் வைத்தால்தான் மதிப்பு ஏறும் என்றால், அதற்குப் பெயர் இசைக்கருவி இல்லை. தந்தி கட்டின ஃபிக்ஸட் டெபாசிட்!

இந்தப் பக்தர்கள் யார் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்கள்? லியோ ஃபெண்டர். அவர் கதையைக் கொஞ்சம் பாருங்கள். கல்லூரியில் படித்தது அக்கவுண்ட்டன்ஸி (நம்ம ஆள்!). கணக்கு எழுதிப் பிழைத்துவிட்டு, முப்பதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. அதனால் செய்ததை வாசிக்கிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்கிற குறையைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1965-ல் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்ற பிறகும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. 1991-ல் சாகும்வரை அடுத்த கிடாரை எப்படி மேம்படுத்தலாம் என்றுதான் மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். தன் கையால் போட்ட வயரிங்கை வேதமாக நினைக்காத ஒருவருக்கு, வயரிங்கே வேதம் என்கிற சீடர்கள்!

அந்தக் கம்பெனியே தன் வயரிங்கை மாற்றவில்லையா? மாற்றியது. டெலிகாஸ்டர் கிடாரிலும் ஆரம்பத்தில் பிக்அப்களைக் கலக்கிற குமிழ் ஒன்று இருந்தது. 1952-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1967-ல் சுவிட்ச்சின் வேலையை மறுபடி மாற்றினார்கள்.

இன்னொரு கதை இதைவிட ருசியானது. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மூன்று பிக்அப், மூன்று நிலை சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒரு பிக்அப் என்பது கம்பெனியின் ஏற்பாடு. வாசிக்கிறவர்கள் என்ன செய்தார்கள்? சுவிட்ச்சை இரண்டு நிலைக்கும் நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கிற புதுச் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊரெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அலைந்தது. கடைசியில் 1977-ல் கம்பெனியே ஐந்து நிலை சுவிட்ச் போட்டு விற்க ஆரம்பித்தது. கம்பெனி கணக்குப்படி அது தப்பான உபயோகம். இன்றைக்கு அந்தத் தப்பு இல்லாத ஸ்ட்ராட்டோகாஸ்டர் சத்தத்தை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆக, சுவிட்ச்சைத் திறக்கிறவன் துரோகி இல்லை. மரபே அவன் பக்கம்தான்.

சரி, ‘அப்படியென்றால் டிரில்லை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா?’ என்று கேட்பீர்கள். கிளம்பினால் முதல் எதிரி நான்தான்!

1954-ல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டு வந்தது. அதில் பட் ஐஸக்ஸ் காலால் பெடலை மிதித்து, ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியையே மாற்றிக் காட்டினார். ஒரே கழுத்தில் பல சுருதி! பல கழுத்துக் கிடாரின் ஜாதகம் அன்றைக்கே மாறிவிட்டது. எல்லோரும் பெடலுக்கு ஓடினார்கள். பழசு மலிந்தது. மலிந்த சாமானைத் தோண்டுவதற்கு யார் யோசிப்பார்கள்? அன்றைக்குத் துளைத்த துளையும் செதுக்கிய பள்ளமும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. அடைக்கலாம். மறைக்கலாம். இல்லாமல் செய்ய முடியாது.

இங்கேதான் என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈயம் உருகுவதற்கென்றே இருக்கிற பொருள். நாளைக்கே இரும்பைச் சுட வைத்து, பழைய வயரைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். மரம் அப்படியில்லை. பிக்அப்பின் செப்புச் சுருளும் அப்படியில்லை. ஒரு இழை அறுந்தால் மொத்தத்தையும் புதிதாகச் சுற்ற வேண்டும். திரும்பப் பெறக்கூடியதை மாற்றுங்கள். திரும்பாததைத் தொடாதீர்கள்.

எனவே கருவியை வைத்திருக்கிற புண்ணியவான்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சுவிட்ச்சுக்குக் கொஞ்சம் கான்டாக்ட் க்ளீனர் அடியுங்கள். சுவிட்ச்சுக்கு வியாதியே இல்லாமல், வெறும் அழுக்காகக்கூட இருக்கலாம். அதிலும் தீரவில்லையா, திறந்ததும் போட்டோ எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். புதுத் துளை கூடாது. இருக்கிற துளையிலேயே உட்காருகிற சுவிட்ச் தேடுங்கள். உள்ளே இடம் இருந்தால், இழுத்தால் சுவிட்ச்சாகவும் திருகினால் வால்யூமாகவும் வேலை செய்கிற குமிழ் போடலாம். ஒரு பிக்அப்பைத் தனியாக எடுத்தால் அந்த ‘ம்ம்ம்’ திரும்பி வரும். அதைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். கழற்றிய சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு கிடார் பெட்டியிலேயே வையுங்கள். விற்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். மாற்றுவது குற்றமில்லை, மறைத்து விற்பதற்குப் பெயர் மோசடி.

‘எல்லோரும் இப்படிக் கை வைத்தால், அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?’ என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. நியாயமான கேள்விதான். இன்னும் யாரும் திறக்காத கருவிகள் சில இருக்கும். அவற்றை அப்படியே மியூசியத்தில் வையுங்கள், அளந்து படம் போட்டு வையுங்கள், நானே கைதட்டுகிறேன். ஆனால் ஏற்கெனவே நாலு கை பட்டு, மேடை மேடையாக ஏறி இறங்கின கருவியையும் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். அதற்கு வேலை பாக்கி இருக்கிறது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கருவியை வாங்க நினைக்கிற இளைஞன் யாரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது? இன்னொரு வாசிப்பவனோடு இல்லை. ஈயப் பொட்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற முதலீட்டாளனோடு. அவன் ஜெயித்தால் கருவி பெட்டிக்குள் போகும். இவன் ஜெயித்தால் மேடைக்கு வரும். சுவிட்ச் மாற்றியதால் விலை கொஞ்சம் இறங்கி, அதனால் ஒரு வாசிப்பவன் கைக்கு அது எட்டுமானால், அந்த நஷ்டத்தைவிட நல்ல லாபம் ஏதும் எனக்குத் தெரிந்த கணக்கில் இல்லை.

உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் மூடியைத் திறங்கள், தப்பே இல்லை. டிரில்லை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.