வாடகை வீட்டுக் கட்டிலும் பவானி ஜமக்காளமும்

புனேக்கு வேலைக்கு வந்த நம்ம ஊர்க் குடும்பங்கள் நிறைய பேர் வீட்டுல கட்டில் இருக்கும், மெத்தை இருக்கும், தலைமாட்டுல சாய ஒண்ணும் இருக்காது. வெறும் சுவர்தான். கேட்டா, "எப்படியும் ஊருக்குத் திரும்பப் போறோம், எதுக்கு வீண் செலவு?"ன்னு பதில் வரும். இதைச் சொன்னவங்க பத்து வருஷமா வாகட்டுலயும் ஹிஞ்சவடியிலயும்தான் இருக்காங்க. பிள்ளைங்க மராத்தியில சண்டை போடற அளவுக்கு வளர்ந்தாச்சு :-)

அப்படியே வாங்கணும்னு கிளம்பினாலும் நேரா ஷோரூமுக்குப் போய் வெளிர் சாம்பல் நிறத்துல, பட்டன் வெச்சுத் தைச்ச மெத்துமெத்துன்னு ஒரு ஹெட்போர்டு. ரெண்டுமே தப்புங்கறது என் கட்சி. தலைமாடு வேணும், ஆனா அதை நாமளேதான் செய்யணும். கடையில விக்கறது நம்ம வாழ்க்கைக்குச் செஞ்சது இல்ல.

ஏன்னு சொல்றேன். மொதல்ல எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைக்காம தூங்காத ஜனம் நாம. நிரந்தரமா ஒட்டித் தைச்ச அந்த வெளிர் துணி ஆறே மாசத்துல நடுவுல ரெண்டு வட்டமா கறுத்துப் போகும். கழட்டித் துவைக்கவும் முடியாது. ரெண்டாவது, இங்க வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாசம். ஓனர் மனசு மாறினா டெம்போ பிடிக்கணும். கட்டிலோட சேர்த்து அடிச்ச கனமான ஹெட்போர்டு லிஃப்டுக்குள்ள நுழையாது. சுவர்ல ஆணி அடிச்சா டெபாசிட்ல கை வைப்பாங்க. மூணாவது மழை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வெளிச்சுவர் ஓதமேறும். அதோட ஒட்டி நிக்கற பலகைக்குப் பின்னாடி பூஞ்சை பூக்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்னா நானும் இவ்வளவு பேச மாட்டேன். அப்பாவுக்கு ஆஸ்துமா. குளிர்காலத்துல எங்களோட ரெண்டு மாசம் இருப்பார். டிசம்பர் ராத்திரி இங்க பத்து டிகிரி வரைக்கும் இறங்கும். படுத்தா மூச்சு வாங்கும், எழுந்து உட்கார்ந்துக்குவார். மூணு தலையணையை அடுக்கிச் சாய்வார், அது நழுவும், முதுகு போய் ஜில்லுனு சுவர்ல ஒட்டும். "ரெண்டு மாசத்துக்காகவாடா பலகை?"ன்னு அவரே கேட்டார். பெத்தவங்க வந்து தங்கற ரெண்டு மாசத்துக்கு வசதி பண்ணாத வீட்டுல மத்த பத்து மாசம் எதைச் சேர்த்து வெச்சு என்ன?

இப்ப செய்முறை. அஞ்சடி அகலக் கட்டிலுக்குக் கணக்கு சொல்றேன். அஞ்சுக்கு ரெண்டடி, 12 எம்.எம். பிளைவுட் துண்டு. முழு ஷீட் எட்டுக்கு நாலடி, அதை வாங்க வேணாம். பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்ல வெட்டி மிச்சமான துண்டு கேளுங்க, அங்கேயே அளவுக்கு அறுத்தும் தருவாங்க. சாதாரண எம்.ஆர். ரகம் போதும். தண்ணியில ஊறற மரைன் ரகத்தைத் தலையில கட்டப் பார்த்தா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுங்க.

அடுத்து ஃபோம். தெருவுக்குத் தெரு 'காதி கார்கானா'ன்னு பலகை தொங்கும். அந்தக் காதி கதர் இல்ல, மராத்தியில மெத்தை. அங்க 32 டென்சிட்டி ஃபோம் ரெண்டு அங்குல கனத்துல வெட்டித் தருவாங்க. 32ன்னா ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடை. இதுக்குக் குறைஞ்சது சீக்கிரம் அமுங்கிடும். இலவம்பஞ்சு இதுக்கு ஆகாது, நிமிர்த்தி வெச்சா எல்லாம் கீழே இறங்கிக் கட்டி தட்டும்.

உயரத்தைத் தரையிலேர்ந்து அளக்காதீங்க, மெத்தை மேல்மட்டத்துலேர்ந்து அளங்க. பலகையோட அடி விளிம்பு மெத்தைக்கு நாலு அங்குலம் கீழ இறங்கியிருந்தா இடுக்குல தலையணை விழாது. ரெண்டுக்கு ஒண்ணு அங்குல ரீப்பர் கட்டை ரெண்டு, தரையிலேர்ந்து பலகையோட உச்சி வரைக்கும். அதுதான் கால். ஃபோம் ஒட்டறதுக்கு முன்னாடியே முன்பக்கத்துலேர்ந்து போல்ட் செருகி, தலை பலகைக்குள்ள அமுங்கற மாதிரி பண்ணி, பின்னாடி நட்டு போடணும். காலுக்கு ரெண்டு, மொத்தம் நாலு. கட்டிலைச் சுவரோட தள்ளினா பலகை நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும், சுவர்ல ஒரு ஓட்டை கிடையாது. டைல்ஸ் வழுக்கினா கட்டில் காலுக்கு ரப்பர் புஷ். ரீப்பர் கனம் அளவுக்குப் பின்னாடி காத்து போக வழியும் கிடைச்சாச்சு.

ஃபோமை ரப்பர் பசையால ஒட்டுங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு, சாமி விளக்கையும் அடுப்பையும் அணைச்சுட்டு. அந்த ஆவி தீப்பிடிக்கும். மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இதை முடிச்சு, நெடி போக விடணும். அப்புறம் ஒரு பழைய வேட்டியை இழுத்துப் போர்த்தி பின்பக்கம் ஸ்டேப்ளர் துப்பாக்கியால அடிக்கணும். போஹ்ரி ஆளியில கைத்துப்பாக்கியும் 8 எம்.எம். பின்னும் கிடைக்கும். நாலு பக்கமும் நடுவுல மொதல்ல அடிச்சு, மூலையை நோக்கிப் போகணும். மூலை மடிப்பு, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்ட கைக்குத் தானா வரும்.

அதுக்கு மேலதான் ஜமக்காளம். பரண்ல சுருட்டிக் கிடக்கும் பாருங்க, கல்யாணத்துக்குக் குடுத்தனுப்பின பவானி ஜமக்காளம், அதேதான். (பவானி பேட்டைப் பலகைக்கு பவானி ஜமக்காளம். இந்த பவானி அம்மன், அந்த பவானி ஆத்தங்கரை ஊர்.) ஆறுக்கு நாலரை அடி போதும். குதிரைக்குச் சேணம் போடற மாதிரி பலகை மேல போட்டு, ரெண்டு ஓரத்தையும் மடிச்சு, பக்கத்துக்கு ரெண்டு ஜோடி நாடா தைச்சுக் கட்டிட்டா வேலை முடிஞ்சது. கட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை அலசிடுங்க, பருத்தி சுருங்கும், சாயமும் போகும். எண்ணெய் ஏறினா அவிழ்த்துத் துவைச்சு வெயில்ல போடலாம். தூசியும் தங்காது, அப்பாவுக்கு அது ஒண்ணுதான் வேணும்.

ஒரே ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. தலைமாட்டுக்குப் பின்னாடி பிளக் பாயின்ட் மறையக்கூடாது, கொசுவத்தி பக்கத்துல வேணவே வேணாம். இந்த ஃபோம் எரிஞ்சா வர்ற புகை விஷம். பிரிட்டன்ல வீட்டுச் சோபா, மெத்தைக்கெல்லாம் தீத்தடுப்பு விதி 1988லயே வந்தாச்சு. இங்க நாமதான் பார்த்துக்கணும்.

எனக்கு ஆன செலவு, துப்பாக்கியும் சேர்த்து, 2,400 ரூபாய். வேலை ஒரு சனிக்கிழமையும் அரை ஞாயிறும். தங்கமணி நாடா தைச்சதுக்குக் கூலி தனிக்கணக்கு.

ஜமக்காளம் கைவசம் இல்லாதவங்க சோலாப்பூர் சாதர் வாங்கிக்கலாம், அதுவும் கெட்டிப் பருத்திதான், புனேல எங்கேயும் கிடைக்கும். அதை நெய்யறவங்கள்ல நிறைய பேர் தெலுங்கு பேசற பத்மசாலிகள். தலைமுறைகளுக்கு முன்னாடி தெலங்கானா பக்கத்துலேர்ந்து பிழைக்க வந்தவங்க, இன்னும் வீட்டுல தெலுங்குதான்.