ஒரு வரி சேர்த்தால் நீதி குறைந்துவிடுமா?

அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றத்தின் சிவில் அழைப்பாணை ஒருவர் கையில் சேர்ந்தால், 21 நாட்களுக்குள் அவர் மறுமொழி தாக்கல் செய்யவேண்டும். 2009 டிசம்பர் வரை 20 நாட்களே இருந்தன. தவறினால் தீர்ப்பு எதிராக வழங்கப்படுமென்று அழைப்பாணை மிரட்டுகிறது. ஆனால், அவகாசம் கேட்கலாமென்று ஓரிடத்திலேனும் அது சொல்வதில்லை. இந்த மௌனத்தையே நான் கண்டிக்கிறேன்.

நம்மவர்களுக்கு வழக்கென்றால் தவணை. இலங்கையில் குறித்த திகதியில் மன்றில் போய் நின்று தவணை கேட்டுப் பழகியவர்கள் நாம். அமெரிக்க அழைப்பாணையிலோ தோன்றுவதற்கான திகதியே கிடையாது. கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரை எவரும் கூப்பிடப் போவதில்லை. கோரப்படுவது திட்டவட்டமான தொகையாயின், நீதிபதியின் பார்வைக்கே போகாமல் நீதிமன்றப் பதிவாளரே தீர்ப்பைப் பதிவுசெய்ய 55ஆம் விதி இடமளிக்கிறது.

இத்தனைக்கும் 6ஆம் விதி தாராளமானது. கெடு முடியுமுன் தகுந்த காரணம் காட்டிக் கேட்டால் நீதிபதி காலத்தை நீடிக்கலாம். முடிந்தபின் கேட்பவரோ, தமது தவறு மன்னிக்கத்தக்கதென்று நிரூபிக்கவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் சுமை பன்மடங்காகிறது.

இதை யார் அறிவார்? சட்டத்தரணிகள் அறிவார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியுடன் தொலைபேசியில் பேசி இணங்கி, அவகாசம் பெறுவது அவர்களது அன்றாட நடைமுறை. அமெரிக்க அரசாங்கம் எதிராளியாயின் விதியே 60 நாட்கள் கொடுக்கிறது. சட்டத்தரணி வைக்க வசதியற்ற கடைக்காரருக்கும் வாடகைக்கார் ஓட்டுநருக்கும் 21 நாட்கள், அதற்குமேல் ஒரு மிரட்டல்!

தாமதம் வழக்காளிக்கு அநீதி என்பர். உண்மைதான். ஆனால், நான் கேட்பது புதிய சலுகையன்று. இருக்கும் உரிமையை உரியவருக்கு அறிவிக்கும் ஒரு வரி. அழைப்பாணையில் என்னென்ன இருக்கவேண்டுமென 4ஆம் விதி பட்டியலிடுகிறது. அதில் இதையும் சேர்த்தால் நீதி குறைந்துவிடுமா?

அதுவரை புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒன்று சொல்வேன். அழைப்பாணையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கைக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து நாட்களை எண்ணுங்கள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். எதிர்த்தரப்பு வாயால் இணங்கியதை நம்பியிராமல், எழுத்தில் பெற்று, கெடுவுக்கு முன்பே நீதிமன்றில் விண்ணப்பியுங்கள். வாய் திறவாதவன் தோற்றவனாகவே அங்கு கொள்ளப்படுவான்.