மட்டக்குதிரையும் பதினாறாம் வயதும்

சிறுமியும் அவளுடைய மட்டக்குதிரையும் என்பது ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் தனியொரு கிளையாகவே செழித்து வளர்ந்த கதைப்பொருள். எளிய வீட்டுப் பெண், பிறர் பொருட்படுத்தாத ஒரு குதிரை, சில தடுமாற்றங்கள், முடிவில் நிறைந்த கூட்டத்தின் நடுவே முதற்பரிசு. ரூபி ஃபெர்குசன் 1949இல் வெளியிட்ட 'ஜில்ஸ் ஜிம்கானா' இவ்வகையில் சிறந்தவற்றுள் ஒன்று. தந்தையை இழந்த ஜில்லுக்கு, சிறுவர் கதைகள் எழுதிக் குடும்பத்தை நடத்தும் தாய் இருக்கிறாள். சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் விமானி ஒருவர் சவாரி கற்றுத் தருகிறார். தலைப்பில் உள்ள 'ஜிம்கானா' நமக்கு அயல் சொல்லன்று. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன சொல் அது. சென்னையில் 1884இல் தோன்றிய சங்கத்தின் பெயரில் அதைக் காண்கிறோம். இங்கிலாந்தின் சிற்றூர்களிலோ அது சிறுவர்களின் குதிரை விளையாட்டு நாளைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இக்கதைகளை நான் விரும்பிப் படிப்பவன். ஆயினும் இவற்றின் மீது எனக்கொரு நீண்டநாள் குறை உண்டு. பெரும்பாலானவை பரிசு ரிப்பனோடு முடிந்துவிடுகின்றன. (பிரிட்டனில் முதற்பரிசுக்குச் சிவப்பு ரிப்பன், அமெரிக்காவில் நீலம்.) ரிப்பன் வாங்கிய பிறகு அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்பதை அவை கேட்பதில்லை. உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

முதலில் அந்தப் பெரிய அரங்கைப் பார்ப்போம். பிரிட்டனின் புகழ்பெற்ற 'ஹார்ஸ் ஆஃப் த இயர் ஷோ' 1949இல் லண்டனின் ஹாரிங்கே அரங்கில் தொடங்கி, பின்னர் வெம்பிளிக்குப் பெயர்ந்து, 2002இல் பர்மிங்காமுக்குச் சென்றது. கூரைக்கு அடியில் நிகழும் விழா அது. வேலியோரம் கார்கள் நிற்க, புல்வெளியில் குதித்துப் பழகிய குழந்தைக்கும் குதிரைக்கும் அங்கே எல்லாமே புதிது: வாயிலுக்கு வெளியே தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம், திடீரென விரியும் விளக்கொளி, கூரையில் பட்டுத் திரும்பும் கைதட்டல். ஊரில் தாண்டிய அதே உயரமான தடைதான் இங்கும் இருக்கிறது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். உயரம் அதேதான். ஆனால் குதிரையின் காதுக்கு அது வேறொரு தடை.

தடைதாண்டலில் என்னை மிகவும் கவர்ந்த விதி ஒன்று உண்டு. போட்டிக்கு முன்னால் சவாரி செய்பவர் களத்தில் நடந்து தடைகளைப் பார்வையிடலாம். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே, பெரிய அரங்குக்கு முதன்முறை வரும் சிறுமி, சேணமில்லாமல், வெறுங்கையோடு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடக்கிறாள். பெரிய குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 12 அடி. மூன்றடி வீதம் நான்கு எட்டு வைத்தால் அதன் கணக்கு. இரு தடைகளுக்கு நடுவே, இறங்குவதற்கு இரண்டு எட்டும் எழும்புவதற்கு இரண்டு எட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை நான்கால் வகுக்க வேண்டும். மட்டக்குதிரையின் பாய்ச்சல் இதைவிடக் குறுகியது. ஆகவே அவள் தன் குதிரையின் கால்களை மனத்தில் வைத்து வேறு கணக்குப் போட வேண்டும். கட்டை ஒன்று விழுந்தால் நான்கு தவறுப் புள்ளிகள். மணி ஒலித்து உள்ளே நுழையும்போதுதான் குதிரை அந்தத் தடைகளை முதன்முதலாகப் பார்க்கிறது. பார்த்த கணமே தாண்ட வேண்டும். முதுகில் இருப்பவள் பார்த்து வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கை மட்டுமே அதற்குத் துணை. அந்த நம்பிக்கை ஒரே நாளில் உண்டாவதில்லை. மழையில் லாயம் கூட்டிய விடியல்களில், கீழே விழுந்து எழுந்த மாலைகளில், ஆண்டுக்கணக்கில் சேர்வது அது.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததற்கு ஓர் காலக்கெடு இருப்பதைக் கதைகள் மெல்ல நழுவவிடுகின்றன. முன்தோள் உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையே மட்டக்குதிரை. (தமிழில் இந்த 'மட்டம்' அளவைத்தான் சொல்கிறது, தரத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அந்தக் குதிரைகள் கோபித்துக்கொள்ளும்.) பிரிட்டனின் தடைதாண்டல் விதிகளின்படி, மட்டக்குதிரைப் பிரிவில் போட்டியிடும் தகுதி, பதினாறு வயது நிறையும் ஆண்டின் இறுதியோடு முடிகிறது. குழந்தை வளர்ந்துவிடுகிறாள், குதிரை வளர்வதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இரண்டாவது குதிரைக்கு இடமோ பணமோ இராது. அடுத்து வரும் பெரிய குதிரைக்கான விலையில் ஒரு பகுதி, இருக்கும் குதிரையை விற்றே வர வேண்டும். பெரிய அரங்கில் வென்ற குதிரைக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். அதாவது சிறுமி எவ்வளவு நன்றாகச் சவாரி செய்கிறாளோ அவ்வளவு விரைவில் வாங்குவோர் வந்து நிற்பார்கள். இதைவிடக் கொடிய முரண் கதாசிரியர் எவருக்கும் தோன்றியிராது.

இது பிற்காலத்துச் சீர்கேடும் அன்று. டப்ளினில் 1868இல் ராயல் டப்ளின் சொசைட்டி நடத்திய காட்சியில் தாண்டும் போட்டி முதன்முதலாக வைக்கப்பட்டபோது, வேட்டைக்குரிய குதிரை தடைகளைக் கடக்குமா என்று சோதித்தறிவதே அதன் நோக்கமாக இருந்தது. காட்சி என்ற சொல்லுக்குள்ளேயே சந்தை என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது.

விதிக்கு மாறாக நிகழ்ந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். 1947இல் பிறந்த மரியன் கோக்ஸ் இங்கிலாந்தின் விவசாயி ஒருவரின் மகள். அவளுடைய மட்டக்குதிரையின் பெயர் ஸ்ட்ரோலர். சிறுவர் பிரிவின் வயது முடியும் தறுவாயில், வழக்கப்படி, ஸ்ட்ரோலரை விற்றுவிடத் தந்தை எண்ணினார். மகள் மன்றாடினாள். தந்தை இணங்கினார். பெரியவர்களின் பிரிவில் மட்டக்குதிரை நுழையக் கூடாதென்று விதியேதும் இல்லை. அவ்வாறு செய்ய யாரும் துணிவதில்லை, அவ்வளவுதான். 1965இல் ஹிக்ஸ்டெட்டில் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றபோது மரியனுக்கு வயது 18. 1967இல் அதே களத்தில், செங்குத்தான மண்மேட்டிலிருந்து இறங்கச் செய்யும் புகழ்பெற்ற டெர்பி போட்டியையும் அந்த இணை வென்றது.

மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக். தடைகளின் உயரமும் இடைவெளியும் பெரிய குதிரைகளை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஸ்ட்ரோலர் தனிநபர் போட்டியின் முதற்சுற்றில் ஒரு கட்டையும் தள்ளாமல் திரும்பியது. அமெரிக்காவின் பில் ஸ்டைன்க்ராஸ் தங்கமும், மரியன் வெள்ளியும் பெற்றனர். ஒலிம்பிக் தடைதாண்டலில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான். குழுப்போட்டியில் ஸ்ட்ரோலருக்குப் பல் தொல்லை, விழுந்தது, பிரிட்டன் அணி வெளியேறியது. இதையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

விற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்கு பழகிய மட்டக்குதிரை ஒன்று தன் ஆயுளில் பல குழந்தைகளுக்கு ஆசானாகிறது. வளர்ந்த உடலைச் சிறிய முதுகில் சுமத்துவதைவிட, இன்னொரு குழந்தைக்குக் கொடுப்பதே அன்பு என்று வாதிடுவோரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் ஸ்ட்ரோலர் வாய்ப்பதுமில்லை. ஆனால் அடுத்த வீடு நல்ல வீடாக இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? அன்னா சூவல் 1877இல் எழுதிய 'பிளாக் பியூட்டி'யில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. அது கைமாறிக் கைமாறிப் போன கதை. சிறுமியின் வாயால் சொன்னால் வெற்றியில் முடிவது, குதிரையின் வாயால் சொன்னால் விற்பனையில் தொடங்குகிறது. சிறாருக்கு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே நூலில் வைக்க அஞ்சுகிறார்கள் என்றே தோன்றுகிறது. பதினொரு வயதுக் குழந்தையால் அதைத் தாங்க முடியாது என்பார்கள். லாயத்தில் வளரும் பதினொரு வயதுக் குழந்தை அதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. பக்கத்து லாயம் திடீரெனக் காலியாவதை அது பார்த்திருக்கிறது.

மெக்சிகோவில் ஸ்ட்ரோலருக்கு வயது 18, மரியனைவிட மூன்று வயது இளையது. 1970இல், இருபதாம் வயதில், ஹாம்பர்க் டெர்பியையும் வென்றது. அதன் பிறகு ஓய்வு. 1986இல் இறந்தபோது அதற்கு முப்பத்தாறு வயது.