பெறுபவரை எண்ணிக் கட்டும் பொதி

மலேசிய வீரர்கள் 1960இல் கொங்கோவுக்கும் 1993இல் சோமாலியாவுக்கும் 2007இல் லெபனானுக்கும் ஐ.நா. அமைதிப் பணிக்காகச் சென்றனர். இவ்வாறு மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வீரர்களுக்கு ஊரிலிருந்து வரும் சிறு பொதியும் ஆறுதல் தரும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் மக்கள் கூடுகின்றனர். பொருள் திரட்டவும் பொதி கட்டவும் அங்கே ஆள்பலம் உண்டு. எனவே, இப்பணியை ஏற்க அவை மிகவும் பொருத்தமானவை. ஆயினும், நல்லெண்ணம் மட்டும் போதாது. பெறுபவரை அறிந்து அனுப்ப வேண்டும்.

இதற்கு வரலாற்றில் நல்ல சான்று உள்ளது. முதல் உலகப் போரின்போது, 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரால் வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பெரும்பாலோர்க்குப் புகையிலை கிடைத்தது. புகையிலையை விலக்கும் சீக்கிய வீரர்களுக்கோ கற்கண்டும் மசாலைப் பொருள்களும் வழங்கப்பட்டன. கிறிஸ்துமஸ் பரிசாக இருந்தும் பெறுபவரின் சமயம் மதிக்கப்பட்டது.

நம் படையிலும் பல சமயத்தவர் உள்ளனர். அவர்களுள் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். முகாமுக்கு வரும் தின்பண்டத்தை ஒருவர் மட்டும் உண்பதில்லை, நண்பர்களோடு பகிர்ந்துகொள்வார். ஆகவே, ஹலால் முத்திரையுள்ள உணவுப் பொருள்களையே அனுப்புதல் நன்று. சமயப் பிரசுரங்களைப் பொதியில் வைக்காதிருப்பதும் முறையாகும். பரிசோடு போதனையும் வந்தால், பெறுபவர் அதைத் திறக்கவே தயங்கக்கூடும்.

“கைப்பேசியில் நாள்தோறும் பேசலாமே, அஞ்சலுக்கு ஏன் இவ்வளவு செலவு?” என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. பொருளின் விலையை அஞ்சல் கட்டணம் மிஞ்சிவிடலாம். அதனால்தான் தேர்வு முக்கியமாகிறது. எந்த நாட்டுக் கடையிலும் கிடைக்கும் சவர்க்காரத்தை இங்கிருந்து அனுப்புவது வீண். நெத்திலிச் சம்பலோ அங்கு எளிதில் கிடைக்காது. மாணவர் கைப்பட எழுதிய கடிதத்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனவே, பொதி கட்டும் முன்னரே எவை தேவை, எவற்றுக்கு அனுமதி உண்டு என்பதை இராணுவத்தினரிடம் கேட்டறிய வேண்டும். பின்னர், அண்டை வீட்டாரையும் பிற சமயத்தாரையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டுக்காகச் சென்றவருக்கு நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து அனுப்பும் பொதியே சிறந்தது.