மௌனம் சம்மதமா?



மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பார்கள். ஒரு நாட்டில் வாழ்பவன் அதன் சட்டதிட்டங்களுக்குச் சம்மதித்தவனே என்றும் வாதிப்பார்கள். நம்மை யார், எப்போது கேட்டார்கள்?

விடியுமுன் பேரட்டுக்கு நின்றோம், பால்மரம் வெட்டினோம், மலாயாவுக்குச் செல்வம் சேர்த்தோம். அப்போது நம் மௌனத்தைச் சம்மதமென்று கொண்டார்கள். 1957 ஆகஸ்டு 31-ல் சுதந்திரம் வந்தது. முதல் ஓராண்டுக்குள் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்தவருக்கு மலாய்மொழிச் சோதனை இல்லை என்ற சலுகையும் இருந்தது. லயத்துக்கு வந்து அதை விளக்கிச் சொன்னவர் எத்தனை பேர்? மனுச் செய்யாதவர் கையில் சிவப்பு அடையாளக் கார்டே மிஞ்சியது.

1968-ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதவருக்குப் பெர்மிட் வேண்டும் என்றது. 1969-க்குப் பின் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் பிழைப்பிழந்து கப்பலேறினர்.

உழைப்பை வாங்கும்போது மௌனம் சம்மதம். உரிமை என்று வரும்போது அதே மௌனம் மறுப்பு! இது எந்த ஊர் நியாயம்?

சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தை ஆதரித்தும் கை தூக்கலாம், எதிர்த்தும் தூக்கலாம். ஆகவேதான் அங்கே நாம் தரும் சம்மதம் சம்மதம். விளங்காமல், மறுக்க வழியில்லாமல் இருப்பதற்குப் பெயர் சம்மதமல்ல, கட்டாயம்.

இன்றும் சிவப்புக் கார்டுடன் முதியோர் இருக்கிறார்கள். கிராணித் தோழர்களே, அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். தொழிலாளத் தோழர்களே, துணைக்குச் செல்லுங்கள். கேட்காதவர்கள் கேட்கும்வரை நாம் வாய் மூடோம்!